பாவசங்கீர்த்தன இரகசியமும் நாட்டுச் சட்டமும்: காதால் கற்ற ஒரு பாடம்

காதால் பெறும் அறிவை நம் முன்னோர் கண்ணால் பெறும் அறிவுக்குக் குறைவாக மதித்ததில்லை. கல்வி, கல்லாமை ஆகிய இரண்டையும் பாடிய வள்ளுவர், அவற்றை அடுத்துக் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்திருப்பது இதற்குச் சான்று. அன்று சான்றோர் முன் அமர்ந்து கேட்டோம். இன்று பேருந்திலும் எல்ஆர்டி இரயிலிலும் கைப்பேசி வழியாகக் கேட்கிறோம். இதையே ‘பாட்காஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் ‘வலையொலி’ என்ற அழகிய சொல் வழக்கிற்கு வந்துவிட்டது.

சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் தொடர்ந்து கேட்டுவரும் வலையொலிகளில் ஒரு வகை உங்களுக்கு வியப்பளிக்கலாம். கத்தோலிக்க இறையியலையும் சட்டத்தையும் சமுதாயச் சிக்கல்களையும் ஒருசேர அலசும் நிகழ்ச்சிகள் அவை. ‘தி பில்லர்’ என்ற செய்தி நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் வலையொலியை நடத்தும் ஜே.டி. ஃபிளின், எட் காண்டன் இருவருமே திருச்சபைச் சட்டம் பயின்றவர்கள். இயேசு சபையினரின் ‘அமெரிக்கா’ இதழும் இத்தகைய உரையாடல்களை வெளியிடுகிறது. நான் பிறப்பால் இந்து. எனினும், உலகின் மிகப் பழமையான சட்ட மரபுகளில் ஒன்று இன்றைய நாட்டுச் சட்டங்களோடு எங்கே உடன்படுகிறது, எங்கே மோதுகிறது என்பதை அறிய இவை எனக்கு உதவின.

அவ்வாறு நான் அறிந்தவற்றுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன். ஒரு குற்றவாளி தன் குற்றத்தைக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால், அந்தக் குருவானவர் அதைக் காவல் துறையிடம் சொல்ல வேண்டுமா? சட்டம் அவரைச் சொல்ல வைக்கலாமா?

இரகசிய முத்திரை என்றால் என்ன?

கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கே பாவசங்கீர்த்தனம். இன்று இதை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்றும் அழைப்பர். 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என விதித்தது. அதே விதியில், கேட்டதை வெளியிடும் குரு பதவி நீக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் தவம் செய்ய மடத்தில் அடைக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. கடமையையும் பாதுகாப்பையும் ஒன்றாகவே விதித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று நடப்பிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் விதி, இந்த இரகசிய முத்திரை மீற முடியாதது என்கிறது. சொல்லால் மட்டுமன்று, சைகையாலோ வேறு எந்த வகையிலோ, எந்தக் காரணத்திற்காகவும் பாவியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறும் குரு, யாரும் தீர்ப்பளிக்காமலேயே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே உண்டு.

984ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கேட்டதை வெளியிடாவிட்டாலும், பாவிக்குத் தீங்காக அதைப் பயன்படுத்தவே கூடாது. எடுத்துக்காட்டாக, தேவாலயப் பணியாளர் ஒருவர் காணிக்கைப் பெட்டியிலிருந்து பணம் எடுத்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு காரணத்திற்காக மறுநாள் அவரிடமிருந்து சாவியைத் திரும்பப் பெறவும் குருவானவருக்கு உரிமை இல்லை.

பல மொழி பேசும் நம் போன்ற நாட்டினருக்குச் சுவையூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. குருவானவருக்குத் தமிழ் தெரியாமல், இடையே ஒருவர் மொழிபெயர்த்தால், அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. பாவசங்கீர்த்தனத்தைக் கருவி கொண்டு பதிவு செய்வதும், அதை ஊடகங்களில் பரப்புவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று 2021இல் திருத்தப்பட்ட ஆறாம் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யும் காலத்தில், பதிவு செய்யவே கூடாத ஓர் உரையாடலும் உண்டு என்பதை நான் அறிந்ததும் ஒலிப்பதிவு வழியாகத்தான்!

நீதிமன்றம் ஏறிய இரகசியம்

இந்த முத்திரை நாட்டுச் சட்டத்தோடு மோதிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று 1813இல் நியூயார்க்கில் நடந்தது. திருடு போன பொருள்கள் அந்தோனி கோல்மன் என்ற இயேசு சபைக் குருவானவர் வழியாக உரியவரிடம் திரும்பின. யார் கொடுத்தது என்று நீதிமன்றம் கேட்டது. சொல்ல முடியாது என்று அவர் மறுத்தார். நகரத் தந்தை டிவிட் கிளின்டன் தலைமையிலான நீதிமன்றம், சமய உரிமையைக் காக்கும் மாநில அரசமைப்பின் அடிப்படையில், அவரை வற்புறுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. குருவானவரின் தரப்புக்காக வாதாடியவர் வில்லியம் சாம்ப்சன் என்ற புராட்டஸ்டன்ட் வழக்கறிஞர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1828இல் நியூயார்க் மாநிலம் இதைச் சட்டமாகவே இயற்றியது.

கொலைகாரன் ஒருவனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குருவானவரே அக்கொலைக்காகச் சந்தேகிக்கப்பட்டு, தன்னைக் காத்துக்கொள்ளவும் வாய் திறக்க முடியாமல் தவிப்பதை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1953இல் ‘ஐ கன்ஃபெஸ்’ என்ற படமாக எடுத்தார். பல்லாண்டுகளாக இந்த இரகசியத்தைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணம் இதுதான்: துன்புறுபவர் குருவானவர், அவருடைய மௌனம் ஒரு தியாகம்.

கேள்வி திசை மாறியது

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகள் வெளிவரத் தொடங்கிய பிறகு அந்தப் படம் மாறிவிட்டது. இப்போது துன்புறுபவர் ஒரு குழந்தை. மௌனத்தால் காக்கப்படுபவர் கொடுமை செய்தவர். ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்தி, 8,000க்கும் மேற்பட்ட தனி அமர்வுகளில் பாதிக்கப்பட்டோரின் குரலைக் கேட்டது. கொடுமை செய்தவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னதும், பாதிக்கப்பட்ட பிள்ளைகளே அங்கே சொன்னதும் அதன் பார்வைக்கு வந்தன. எனவே, கட்டாயமாகப் புகார் அளிக்கும் கடமையிலிருந்து பாவசங்கீர்த்தனத்திற்கு விலக்கு அளிக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2018இல் அவ்வாறே சட்டம் நடப்புக்கு வந்தது. விக்டோரியா 2019இலும் குயின்ஸ்லாந்து 2020இலும் சட்டம் இயற்றின. முத்திரையை உடைப்பதைவிடச் சிறைக்குச் செல்வேன் என்று மெல்பர்ன் பேராயர் பீட்டர் கொமென்சோலி 2019இல் வெளிப்படையாகவே கூறினார்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் 2025 மே மாதத்தில் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆயர்கள் வழக்குத் தொடுத்தனர். வேறு சில தொழிலினருக்கு விலக்கு இருக்கும்போது குருமாருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம், பாவசங்கீர்த்தனத்தைப் பொறுத்தவரை அச்சட்டத்திற்கு இடைக்காலத் தடை விதித்தது.

நம் நாட்டு நிலை

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் சிங்கப்பூரின் 1893ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் ஒரே தாயின் பிள்ளைகள். சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டமே அந்தத் தாய். (இந்தியாவில் அது 2024 ஜூலை முதல் வேறொரு சட்டத்திற்கு இடம் விட்டுவிட்டது.) மலேசியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சைக் காக்கிறது. 126ஆம் பிரிவு வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்கிறது. குருவானவரிடம் சொன்னதைக் காக்க அதில் பிரிவு எதுவும் இல்லை.

வழக்கறிஞரின் இரகசியத்திற்கும் எல்லை உண்டு. சட்டவிரோதச் செயல் ஒன்றை நிறைவேற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு கட்சிக்காரர் பேசியிருந்தால் 126ஆம் பிரிவு அதைக் காப்பதில்லை. பாவசங்கீர்த்தன முத்திரைக்கோ திருச்சபைச் சட்டத்தில் எந்த விதிவிலக்கும் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றம் நடந்ததையோ நடக்கவிருப்பதையோ காவல் துறைக்குத் தெரிவிக்கத் தவறும் ‘எவரும்’ 5,000 ரிங்கிட் வரை அபராதத்திற்கு உள்ளாகலாம் என்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 11ஆவது விதி சமய உரிமையை வழங்கினாலும், பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி ஆகியவை பற்றிய பொதுச் சட்டத்திற்கு மாறான செயலை அவ்வுரிமை அனுமதிக்காது என்று அதே விதி கூறுகிறது. ஆக, எழுத்தின்படி பார்த்தால் நம் சட்டம் குருவானவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

இரு தரப்பு நியாயங்கள்

முத்திரை வேண்டும் என்போர் சொல்வது இது. இரகசியம் இல்லை என்று தெரிந்தால் குற்றவாளி வரவே மாட்டான். வந்தால்தானே அவனைத் திருத்தவும், சரணடையத் தூண்டவும் வாய்ப்பு உண்டு? மேலும், முகம் தெரியாத திரைக்குப் பின்னால் இருந்து பேசுபவனைப் பற்றிக் குருவானவர் என்ன புகார் எழுத முடியும்?

வேண்டாம் என்போரின் வாதமும் வலுவானது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு ஒருவன் திரும்பிச் சென்று அதே கொடுமையைச் செய்தால், அந்த நிம்மதியின் விலையை யார் கொடுத்தார்கள்? ஒரு குழந்தை அல்லவா?

பாப்பரசரின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் 2019இல் வெளியிட்ட குறிப்பு இவ்விடத்தில் பயன்படும். காவல் துறையிடம் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று குருவானவர் நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது அது. தன்னைத்தானே குற்றவாளியாகக் காட்டிக்கொள்ள யாரையும் வற்புறுத்தலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் உண்மையான மனவருத்தமும், திருந்தும் உறுதியும், மீண்டும் செய்யாத தீர்மானமும் இன்றி மன்னிப்பு இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் வந்து சொன்னால், அவருடைய உரிமைகளையும், புகார் செய்யும் வழிகளையும் குருவானவர் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. பாவசங்கீர்த்தனத்திற்கு வெளியே அதே செய்தியை அவர் மீண்டும் சொன்னால், முத்திரை அதைத் தடுக்காது.

என் கருத்து

எல்லாவற்றையும் கேட்டும் படித்தும் பார்த்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று. முத்திரை மிகக் குறுகியது. அது பாவசங்கீர்த்தனத்தை மட்டுமே காக்கிறது. ஆலோசனை அறையில் பேசியதையும், தேநீர் அருந்தும்போது சொன்னதையும், ஆயர் இல்லத்திற்கு வந்த புகார்க் கடிதத்தையும் அது காப்பதில்லை. பல நாடுகளில் வெளிவந்த அவலங்களில் பெரும் பகுதி, அந்தச் சிறு அறையின் இரகசியத்தால் நேர்ந்தவை அல்ல. அலுவலகக் கோப்புகளில் இருந்ததை மறைத்ததாலும், குற்றம் செய்தவரை வேறு பங்கிற்கு மாற்றியதாலும் நேர்ந்தவை. அந்த மௌனத்திற்குத் திருச்சபைச் சட்டம் முத்திரை வழங்கியதே இல்லை. முத்திரையைப் பற்றி மட்டுமே விவாதித்துக்கொண்டிருந்தால், கோப்புகளைப் பூட்டி வைத்தவர்கள் எளிதில் தப்பிவிடுவார்கள்.

குற்றவாளியின் பாவசங்கீர்த்தனத்தைச் சட்டத்தால் திறக்க முயல்வது பெரும் பயன் தராது என்றே எண்ணுகிறேன். அவன் பேசாமல் இருந்துவிடுவான், அவ்வளவுதான். ஆனால் கொடுமைக்கு ஆளான பிள்ளை பேசும்போது என் மனம் அவ்வளவு எளிதில் அமைதியடையவில்லை. அந்தப் பிள்ளை சொல்வது அதன் பாவமே அன்று. அரச ஆணையமும் இதையே குறிப்பாகக் கேட்டு, உரோமையிடம் விளக்கம் பெறுமாறு ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் அறியும் பிறர் பாவமும் முத்திரைக்குள் அடங்கும் என்றும், வெளியே சொல்லுமாறு பிள்ளையை ஊக்குவிக்கலாம் என்றும் உரோமை விடையளித்தது. ஒரே ஒரு முறை துணிவு பெற்று வாய் திறந்த பிள்ளை, இரண்டாம் முறையும் திறக்கும் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்விக்கு எந்த வலையொலியிலும் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் கத்தோலிக்கக் குருவானவர் எவரும் இல்லை. ஆனால் நம்மில் பலர் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று இலவச வகுப்பு நடத்துகிறோம். முகாம்களில் பிள்ளைகளுக்கு அண்ணனாக, அக்காவாக இருக்கிறோம். “யாரிடமும் சொல்லாதீங்க, அண்ணா” என்று ஒரு பிள்ளை தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? 19ஆம் பிரிவில் உள்ள ‘எவரும்’ என்ற சொல்லில் நாமும் அடங்குவோம். நமக்கு எந்த முத்திரையும் இல்லை. “சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல், “உனக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று கூறுவதே நேர்மை. ‘தாலியான் காசே’ 15999 என்ற எண் நாள் முழுவதும் இயங்குகிறது. அருகிலுள்ள காவல் நிலையமும் அவ்வாறே.

குருவானவரின் மௌனத்தைப் பற்றி உலகம் இன்னும் நெடுநாள் வாதிடும். நம்முடைய மௌனத்தைப் பற்றி வாதிட எதுவுமில்லை.