மோனிக்கா கேட்டதும் கிடைத்ததும்

டீ வந்துவிட்டது, நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். தம்பி குடியை விடவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறீர்கள். ஆண்டவரே அவன் மனத்தைத் திருப்பிவிட்டால் அது அவன் எடுத்த முடிவாகுமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மழைக்காக வேண்டும்போது இந்தச் சிக்கல் இல்லை, மேகத்துக்கு மறுக்கத் தெரியாது. தம்பிக்குத் தெரியும்.

உங்களைப் போலவே ஜெபித்த ஓர் அம்மாவின் கதையைப் பாருங்கள். கி.பி. 383, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். மகன் அகுஸ்தின் ரோமுக்குப் போகக்கூடாது என்று மோனிக்கா விடாப்பிடியாக நிற்கிறார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று மகன் பொய் சொல்லி, அம்மாவைப் பக்கத்திலிருந்த சிப்பிரியான் சிற்றாலயத்தில் தங்கவைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார். அந்த இரவு முழுக்க அந்த அம்மா அழுது வேண்டியது ஒன்றே ஒன்று: அவன் போகக்கூடாது. அது நடக்கவில்லை. ரோமிலிருந்து மிலானுக்குப் போனார் அகுஸ்தின். அங்கே ஆயர் அம்புரோசின் பேச்சுத்திறனை எடைபோடத்தான் பிரசங்கம் கேட்கப் போனார். பேச்சோடு பொருளும் உள்ளே இறங்கியது. 387 பாஸ்கா விழாவில் அதே அம்புரோசு கையால் ஞானஸ்நானம். அவ்வாண்டே, ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியாவில் மோனிக்கா இறந்தார்.

யாரும் மகனின் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

அகுஸ்தினாரைக் கேட்டால் இதோடு நிறுத்தமாட்டார். பிற்காலத்தில் கார்த்தேஜ்காரர் வித்தாலிஸ், விசுவாசத்தின் முதல் அடி நம்முடையதே, கடவுள் கொடுப்பதல்ல என்று வாதிட்டார். அப்படியானால் நம்பாதவர்கள் நம்பவேண்டும் என்று திருச்சபை எதற்கு மன்றாடுகிறது என்று கடிதம் எழுதி மடக்கினார் அகுஸ்தினார். அவர் கணக்கில் நம் விருப்பம் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறது, அருள் வந்து அதை அவிழ்க்கிறது. உங்கள் தம்பியையே பாருங்கள். காலையில் விட்டுவிடுகிறேன் என்கிறான், சாயங்காலம் கால் தானாகக் கடைக்குப் போகிறது. அந்தக் காலுக்கு விடுதலை கேட்பது அவன் சுதந்திரத்தில் கைவைப்பதா என்ன?

ஆனால் அந்த அருளை மனிதன் தட்டிவிட முடியாது என்பதில் முதிய அகுஸ்தினார் ரொம்பக் கறார். அவ்வளவு தூரம் என்னால் கூடப் போகமுடியவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஜெபிப்பது கடவுளின் திட்டத்தை மாற்ற அல்ல, ஜெபத்தின் வழியாகவே நடக்கட்டும் என்று கடவுள் வைத்திருப்பதைப் பெற்றுக்கொள்ள என்கிறார். விளைச்சல் கடவுள் கொடுப்பதுதான், அதற்காக உழாமலா இருக்கிறோம்? எவ்வளவு பக்தியாகப் பிறருக்கு வேண்டினாலும் அந்தப் பிறர் பக்கத்துத் தடையால் அது பலிக்காமல் போகலாம் என்றும் அக்குவினாஸே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்றிரவு ஜெபிக்கும்போது தம்பியின் மனத்தை மாற்றும் என்பதோடு, அவன் போகிற வழியில் ஓர் அம்புரோசை நிறுத்தும் என்றும் கேட்டுப்பாருங்கள். மோனிக்காவின் திருநாள் ஆகஸ்ட் 27, மகனுடையது மறுநாள்.