வீட்டுக்கு வரச் சொன்ன பாட்டு

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருஷமாக எந்நேரமும் காதில் இயர்போன்தான். கேட்பது கொரியப் பாட்டு! "தலைக்குக் கலர் அடிச்சுக்கிட்டு ஆடுறவனுங்களைப் பார்த்துப் பார்த்துப் படிப்பைக் கோட்டை விடப் போறே" என்று தினமும் திட்டுவேன். அவள் காதில் வாங்கவே மாட்டாள்.

இந்த வருஷம் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 மார்க். எனக்கு வந்ததே கோபம்! செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதோடு விட்டேனா? "இந்த மார்க்கைத் தூக்கிக்கிட்டு இனிமே வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாலை டியூஷன் ஏழரைக்கு முடிந்தது. எட்டரை ஆகியும் மகள் வரவில்லை. என் அடிவயிறு கலங்கிவிட்டது. நானும் என் கணவரும் ஆளுக்கு ஒரு தெருவாகத் தேடினோம். கடைசியில் கோவில் தெப்பக்குளத்துப் படியில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "நீதானேம்மா வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் செத்துப் பிழைத்தேன்.

அன்று ராத்திரி நானே பீரோவைத் திறந்து போனைக் கொடுத்து, "அப்படி என்னதான்டி இருக்கு அந்தப் பாட்டுல? எனக்கும் சொல்லு" என்றேன். அவள் போட்ட பாட்டின் பெயர் 'கம் பேக் ஹோம்'. வீட்டுக்குத் திரும்பி வா என்று அர்த்தமாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பாட்டை 2017-ல் பாடியவர்கள் அவளுக்குப் பிடித்த பி.டி.எஸ். குழுவினர். "ஆனா நிஜப் பாட்டு 1995-ல வந்தது. நீ ஒண்ணாங்கிளாஸ் படிச்சிருப்பேம்மா" என்று கதையைச் சொன்னாள். பிறகு நானும் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தென்கொரியாவில் 1992-ல் 'சியோ தைஜி அண்ட் பாய்ஸ்' என்று மூன்று இளைஞர்கள் சேர்ந்து பாட வந்தார்கள். தலைவர் சியோ தைஜிக்கு அப்போது 20 வயது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். முதன்முதலில் டி.வி. நிகழ்ச்சியில் பாடியபோது நடுவர்கள் மிகக் குறைந்த மார்க்தான் போட்டார்களாம். மார்க் போட்டவர்களுக்குப் பிடிக்காத பாட்டை நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது! இன்று கே-பாப் என்று உலகமே ஆடுகிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் இவர்களும் முக்கியமானவர்கள்.

1994-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் வகுப்பறையைப் பற்றி ஒரு பாட்டு. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்து, பரீட்சைக்குத் தள்ளும் படிப்பைக் கோபமாகக் கேள்வி கேட்கும் பாட்டு. பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கேசட்டைத் திருப்பி ஓடவிட்டால் பிசாசின் குரல் கேட்கிறது என்றுகூட ஒரு புரளி கிளம்பியதாம். நம் பிள்ளைகள் பேசுவது புரியாதபோது, 'பேய் பிடிச்சிருக்கு' என்று நாம் சொல்வதில்லையா? அது போலத்தான்.

அடுத்து, 1995-ல் வந்த நான்காவது ஆல்பத்தில் இருந்ததுதான் 'கம் பேக் ஹோம்'. வீட்டில் அன்பில்லை, கோபம்தான் இருக்கிறது என்று ஓடிப் போன பிள்ளைகளின் மனசைச் சொல்லி, அவர்களைத் திரும்ப அழைக்கும் பாட்டு. அதைக் கேட்டு, ஓடிப்போன பிள்ளைகள் சிலர் வீடு திரும்பியதாக அந்த நாட்டில் அப்போது செய்திகள் வந்தன. பெற்றவர்கள் கூப்பிட்டு வராத பிள்ளை, பாட்டு கூப்பிட்டு வந்திருக்கிறது!

அதே ஆல்பத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே பாட்டு வெளிவரும் முன் ஒரு குழுவிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். சமூகத்தைக் குறை சொல்லும் ஒரு பாட்டின் வரிகளை மாற்றச் சொன்னார்கள். சியோ தைஜி மாற்றவில்லை. வரிகளையே எடுத்துவிட்டு வெறும் இசையை மட்டும் வெளியிட்டார். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். 1996-ல் அந்த முன்தணிக்கை முறையே ஒழிந்தது. பாட்டும் வரிகளோடு வெளிவந்தது. ஆனால் அதற்குள், அந்த வருஷம் ஜனவரியிலேயே, புகழின் உச்சியில் குழுவைக் கலைத்துவிட்டு விலகிவிட்டார்கள்.

அந்த நாட்டு அம்மாக்களைப் பற்றியும் படித்தேன். நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள்கூட ஏறி இறங்காதாம். அம்மாக்கள் கோவிலிலும் சர்ச்சிலும் பிரார்த்தனை செய்வார்களாம். பிள்ளைகள் டியூஷனே கதி என்று கிடப்பதால், சியோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தக் கூடாது என்றே விதி போட வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க, ஏதோ நம்ம தெருவைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

"அப்போ நீயும் படிப்பை விடணும்னு நினைக்கிறியா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "இல்லம்மா. எனக்குப் படிக்கணும். கணக்குதான் பயமா இருக்கு. அதைச் சொன்னா நீ கத்துவே. பாட்டு கத்தாது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். நான் படிக்காத படிப்பை எல்லாம் இவள் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அந்த ஆசைதான் கோபமாக வெளியே வந்திருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது என் கோபம் மட்டும்தானே!

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம். படிக்கிற நேரத்தில் போன் என்னிடம் இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்போம். அர்த்தத்தை அவள் சொல்வாள். அரையாண்டில் கணக்கில் 56 வாங்கியிருக்கிறாள். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் அந்தப் பேப்பரை ஒளிக்காமல் நேராக என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, பிள்ளைகள் கேட்கும் பாட்டு நமக்குப் பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் ஏன் கேட்கிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கோபத்தில்கூட 'வீட்டுக்கு வராதே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் விளையாட்டாய்ச் சொல்வதை அவர்கள் நிஜமாய் எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.