ஆணையிட முடியாத ஒரு சங்கம்

தென்னாப்பிரிக்காவில் தொலைநிலைக் கல்வியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் சிறைச்சாலையிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதில் நியாயமும் இருக்கிறது. நெல்ஸன் மண்டேலா வாலிபராக இருந்தபோது 1943-ல் பெற்ற பி.ஏ. பட்டமும், நெடுஞ்சிறைவாசத்தின் இறுதிக் கட்டத்தில் 1989-ல் பெற்ற சட்டப் பட்டமும், பிரிட்டோரியா நகரத்தில் தலைமையிடம் கொண்ட தென்னாப்பிரிக்க சர்வகலாசாலை, அதாவது யுனிஸா என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் ஸ்தாபனம், அளித்தவையே. ராபன் தீவில் அவரோடு அடைபட்டிருந்த அகமது கத்ராடாவும் அதே யுனிஸாவின் வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்களைச் சிறையிலிருந்தபடியே பெற்றார். மண்டேலா இரகசியமாக எழுதிய சுயசரிதையின் தாள்கள் சிறை முற்றத்து மண்ணில் அகப்பட்டபோது, அதற்குத் தண்டனையாக அவருக்கும் அதில் பங்குகொண்ட தோழர்களுக்கும் படிக்கும் உரிமை நான்கு ஆண்டுகள் மறுக்கப்பட்டது என்பதிலிருந்தே, தபாலில் வந்த அந்தப் பாடங்கள் அவர்களுக்கு எவ்வளவு அருமையான உடைமை என்பது விளங்கும்.

ஆனால் இந்தக் கீர்த்திக்குப் பின்னால், பெயர் வெளியில் தெரியாத இலட்சக்கணக்கான மாணவர்களின் கதை ஒன்று இருக்கிறது. அது அவ்வளவு இனிமையானதன்று. 1873-ல் நன்னம்பிக்கை முனை சர்வகலாசாலை என்ற பெயரில், லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு தோன்றிய அந்த ஸ்தாபனம், பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதை மாத்திரமே தன் தொழிலாக வைத்துக்கொண்டிருந்தது. தபால் மூலம் தானே பாடம் நடத்தும் பொறுப்பை அது மேற்கொண்டது 1946-ல்தான். அதன் பின் வேறு பல ஸ்தாபனங்களும் இத்துறையில் புகுந்தன. 1980-ல் தொழிற்கல்விக்கென டெக்னிக்கான் என்ற வகைக் கல்லூரி ஒன்று ஏற்பட்டது. கறுப்பினத்தவருக்கென இனஒதுக்கல் அரசாங்கம் அமைத்த விஸ்டா சர்வகலாசாலையிலும் தொலைநிலைப் பிரிவு ஒன்று உண்டாயிற்று. கட்டணத்தையே நம்பி வாழும் தனியார் கல்லூரிகளும் பெருகின. கறுப்பினத்துப் பள்ளிகளுக்குப் போதிய பயிற்சி இல்லாத உபாத்தியாயர்களை அனுப்பிவிட்டு, பிறகு அவர்களுடைய சம்பள உயர்வைச் சான்றிதழோடு முடிச்சுப் போட்டிருந்த அந்த அரசாங்கத்தின் ஏற்பாட்டினால், மாலையில் வீடு திரும்பிய பள்ளி ஆசிரியை ஒருத்தி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கும் அச்சுக் கட்டுகளுக்கு ஓயாத கிராக்கி இருந்தது.

இங்கே, இந்தக் கல்விமுறையின் கணக்குப் புஸ்தகத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சோதனையைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இத்துறையில் ஒரு சங்கம் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது. பாடத்தை எழுதுவதற்கும், திருத்துவதற்கும், அச்சுக்கு ஆயத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு பெரிது. ஆனால் அதைச் செய்து முடித்த பிற்பாடு, நூறாவது மாணவனுக்கும் பதினாயிரமாவது மாணவனுக்கும் ஆகும் கூடுதல் செலவு காகிதமும் தபால் கட்டணமுந்தான். மாணவன் எழுதி அனுப்பும் பயிற்சித் தாளை ஒருவர் உட்கார்ந்து படித்து, அவன் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டு, ஓரத்தில் நாலு வரி எழுதித் திருப்பி அனுப்புவதும், அவனுக்கு அருகிலுள்ள ஊரில் ஓர் ஆசிரியரைச் சனிக்கிழமைதோறும் அமர்த்துவதுமே ஆள்தோறும் செலவு வைக்கும் காரியங்கள். ஆகவே, கட்டணத்தைச் செலுத்திவிட்டு ஒரு தாளும் எழுதி அனுப்பாமல் இரண்டாம் மாதமே மௌனமாகிவிடுகிற மாணவனைப் போல லாபகரமான மாணவன் அந்த ஸ்தாபனத்துக்கு வேறில்லை. வகுப்பறையில் காலியான பெஞ்சு கண்ணில் உறுத்தும். தபாலில் வராமற்போன விடைத்தாள் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

1992-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நிறுவப்பட்ட தென்னாப்பிரிக்கத் தொலைநிலைக் கல்வி நிலையம், இனஒதுக்கல் மறைந்துகொண்டிருந்த அந்தச் சந்திவேளையில், வெளிநாட்டு நிபுணர்களைக் கொண்ட ஒரு கமிஷனைக் கூட்டி, நாட்டிலுள்ள தபால்வழிப் படிப்பையெல்லாம் பரிசீலிக்கச் செய்தது. 1995-ல் வெளிவந்த அறிக்கை தாட்சணியம் பார்க்கவில்லை: சேருகிறவர் தொகை பெரிது, கற்பவர் தொகை சிறிது, புதிய ஜனநாயகத்துக்கு வேண்டியதை இந்த ஏற்பாடு தரவில்லை என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1996-ல், குற்றம் சாட்டப்பட்ட ஸ்தாபனங்களும், குற்றத்தை எடுத்துக்காட்டியவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தொலைநிலைக் கல்விக்கென ஒரு தேசியச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். நாடியோஸா என்பது அதன் சுருக்கப் பெயர்.

இத்தகைய சங்கத்தை நடத்துவதைப் போல நன்றி கெட்ட காரியம் பொதுவாழ்வில் குறைவு. அதற்கு ஆணையிடும் அதிகாரமில்லை; எந்தச் சர்வகலாசாலையின் பட்டத்தையும் அது செல்லாதென்று சொல்ல முடியாது; எந்தக் கல்லூரியின் கதவையும் சாத்த முடியாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் வேறொரு ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதன் வேலை முடிந்த பிறகு எஞ்சிய நேரத்தைச் சங்கத்துக்குக் கொடுப்பவர்கள்; அவர்களில் ஒருவர் பதவி மாறினாலும் பாதியில் நின்ற கடிதப் போக்குவரத்து அப்படியே நின்றுவிடும். அங்கத்தினர்கள் தனிநபர்களல்லர், ஸ்தாபனங்கள். அதிலும் ஒன்றுக்கொன்று மாணவர்களைப் பறித்துக்கொள்ளும் போட்டி ஸ்தாபனங்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களையுடைய யுனிஸாவும், சில நூறு பேரை வைத்துக்கொண்டு தடுமாறும் சின்னஞ்சிறு கல்லூரியும் ஒரே சபையில் அமரும்போது, சந்தாவைத் தலைக்கணக்கில் விதிப்பதா, சமமாக விதிப்பதா என்ற கேள்வி எழும். தலைக்கணக்கில் விதித்தால் பெரியவரே கஜானாவாகிவிடுவார், கஜானாவாக இருப்பவர் எஜமானராவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. சமமாக விதித்தால் காரியதரிசிக்குத் தபால்தலை வாங்கவும் பணம் போதாது. வருஷாந்தர மாநாட்டின் பிரதிநிதிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்துத்தான் மற்ற பதினொரு மாதத்தையும் ஓட்ட வேண்டுமென்பது உலகத்தில் இத்தகைய சங்கங்கள் பலவற்றுக்கும் பொதுவான தலைவிதி. (மாநாட்டு மதியபோஜனத்தைப் பற்றி அங்கத்தினர் காட்டும் சிரத்தையில் பாதியைத் தணிக்கை அறிக்கையில் காட்டினால் காரியதரிசிகளின் ஆயுள் நீளும்.)

அதிகாரமில்லாத சங்கம் எதைக் கொண்டு மதிப்பைப் பெறலாம் என்பதற்கு நாடியோஸா கண்ட விடை, என் அபிப்பிராயத்தில், அந்தத் தேசத்துக் கல்விச் சரித்திரத்தில் குறித்து வைக்கத்தக்கது. கல்வி இலாகா 1996-ல் தொலைநிலைக் கல்விக்கென ஒரு தர அளவையை வரைந்திருந்தது. அரசாங்கம் எழுதிய காகிதங்கள் பெரும்பாலும் அலமாரியில் உறங்குவதற்கே பிறந்தவை. சங்கமோ அதைத் தன் அங்கத்தினர்களிடையே விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு, அனுபவத்துக்கு ஏற்றபடி திருத்தி, கொள்கையும் திட்டமும், மாணவர், கல்வித்திட்டத்தின் உருவாக்கம், பாட அமைப்பு, பாடநூல்கள், மதிப்பீடு, மாணவர்க்குத் துணை, ஊழியர், நிர்வாகம், பிற ஸ்தாபனங்களோடு கூட்டுறவு, தரக் கண்காணிப்பு, செய்தியறிவித்தல், பலன் என்று பதின்மூன்று தலைப்புகளில் தனக்குத் தானே ஓர் அளவுகோலைச் செய்துகொண்டது. இலாகா விதித்தால் அதிலிருந்து தப்பும் வழியைத் தேடியிருக்கக்கூடிய அதே கல்லூரித் தலைவர்கள், தங்கள் கையாலேயே திருத்திய வாக்கியங்களை மீற வெட்கப்பட்டார்கள் என்றால், அது மனித சுபாவத்துக்கு இசைந்ததே.

2005-ல் சங்கம் இந்த அளவுகோலை ஒரு புஸ்தகமாக வெளியிட்டபோது, வெறும் விதிகளாக அச்சிடாமல், அந்நாட்டிலேயே நடந்துகொண்டிருந்த படிப்புகளிலிருந்து எடுத்த உதாரணங்களை ஒவ்வொரு தலைப்போடும் சேர்த்து வெளியிட்டது. இதுவே அந்நூலின் ஜீவன் என்பேன். 'மாணவருக்குத் தக்க துணை அளிக்கப்பட வேண்டும்' என்ற விதியைப் படித்து ஆமோதிக்காதவர் எவருமில்லை. ஆனால் பக்கத்து ஸ்தாபனம் ஒன்று, தன்னிடமுள்ள அதே குறைந்த பணத்தில், தூரத்துக் கிராமங்களிலுள்ள உபாத்தியாயர்களுக்கு எப்படி அந்தத் துணையை ஏற்பாடு செய்தது என்பதை விவரமாகப் படிக்கிறவர், இது நம்மால் ஆகாதென்று சொல்லும் வசதியை இழந்துவிடுகிறார். போட்டியாளர்கள் தம் தொழில் இரகசியத்தை ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டினார்கள் என்பது சாமானியமான சாதனையன்று.

பதின்மூன்றாவது தலைப்பாகிய பலனைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், முடித்தபின் அந்தப் படிப்பு அவர்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்ற கேள்விகள் மற்றப் பன்னிரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டியவை. வரிசையில் அவை கடைசியில் நிற்கின்றன. இதில் நாடியோஸாவை மாத்திரம் குறை சொல்வது அநியாயம். கல்வி ஸ்தாபனங்கள் எங்கும் தாம் என்ன செய்கிறோம் என்பதை விரிவாகவும், அதனால் என்ன விளைந்தது என்பதைச் சுருக்கமாகவுமே எழுதிப் பழகியவை.

இதற்கிடையே அரசாங்கம் தன் போக்கில் ஸ்தாபனங்களைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. வகுப்பறைச் சர்வகலாசாலைகள் பலவும் உபாத்தியாயர்களின் கட்டணத்தைக் கருதித் தபால்வழிப் படிப்புகளை வேகமாகத் திறந்துகொண்டு போனதைக் கண்ட கல்வி மந்திரி காதர் அஸ்மால், 2000-த்தில் புதிய படிப்புகளுக்குத் தடை போட்டார். 2001-ல் வெளியான தேசியத் திட்டம் தொலைநிலைக் கல்விக்கு ஒரே பெரிய ஸ்தாபனம் போதுமென்று தீர்மானித்தது. அதன்படி 2004 ஜனவரியில் யுனிஸாவும், டெக்னிக்கானும், விஸ்டாவின் தொலைநிலைப் பிரிவும் ஒன்றாக இணைக்கப்பட்டன. சிக்கனத்துக்காகச் செய்த இணைப்பு, சங்கத்தின் சபையில் முன்னமே பெரிதாயிருந்த ஒருவரை இன்னும் பெரிதாக்கியது. பின்னர் 2014-ல் வெளியான அரசாங்கக் கொள்கை, மற்றச் சர்வகலாசாலைகளும் இத்துறைக்கு வரலாமென்று கதவைத் திறந்தது. மூடுவதும் திறப்பதுமான இந்தப் பதினான்கு ஆண்டுக் காலத்தில், மந்திரிகள் மாறினாலும் மாறாமல், முன்பு என்ன முயன்றார்கள், அது ஏன் பலிக்கவில்லை என்பதை நினைவில் வைத்திருக்கும் இடம் ஒன்று வேண்டுமானால், அது இத்தகைய சங்கத்தைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்?

2020-ல் கொள்ளைநோய் வந்து எல்லாச் சர்வகலாசாலைகளையும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியபோது, வகுப்பறையில் மாத்திரம் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதே பிரசங்கத்தைச் செய்துவிட்டு, அதைத் தொலைநிலைக் கல்வி என்று அழைத்தார்கள். மின்வெட்டு அடிக்கடி நேர்ந்துகொண்டிருந்த நாட்டில், கைபேசியில் இணையக் கட்டணம் ஏழைக்கு எட்டாத நாட்டில், அந்தத் திரை எத்தனை பேருக்குத் திறந்தது என்பது வேறு கேள்வி. எழுதிய பாடமும், திருத்திய தாளும், அருகிலிருக்கும் துணையும் இல்லாமல் தூரத்து மாணவன் கற்க முடியாதென்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த சங்கத்தின் வார்த்தைக்கு, அந்த ஓராண்டிலே கிடைத்த நிரூபணம் வேறெந்த மாநாட்டிலும் கிடைத்திருக்காது.

ஒவ்வொரு அங்கத்தினரும் சந்தாவோடு கூடவே, சென்ற ஆண்டு சேர்ந்தவர் இத்தனை பேர், படிப்பை விட்டவர் இத்தனை பேர், முடித்தவர் இத்தனை பேர் என்ற மூன்று எண்களைச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் பிரசுரிக்கக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை, எந்த நாட்டுச் சங்கமானாலும், தன் விதித்தொகுப்பில் சேர்த்துக்கொண்டால், மற்ற விதிகளில் பாதி அநாவசியமாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரையில், தொலைநிலைப் படிப்பு எதிலும் பணம் கட்டப் போகிற வாசகர்கள், விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் கட்டிடத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிராமல், இந்த மூன்று எண்களையும் அந்த ஸ்தாபனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுச் சேருவது நல்லது.