விரலுக்கேற்ற கிட்டார்



உழவர்கரையில் என்னிடம் ஓதவரும் மாணவன் ஒருவன் கிட்டார் பயில விரும்பினான். 'பிக்' என்னும் சிறு தகடின்றி, விரல்களாலேயே மீட்ட அவனுக்கு ஆசை. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல், தந்தை பெரியதாகவே வாங்கித் தந்தார். இரண்டே மாதங்களில் தோள்வலி வந்தது. கிட்டார் அலமாரியின் மேலேறிற்று. மகன் சோம்பேறி என்றார் தந்தை. பிழை மகனிடம் இல்லை, அளவில் இருந்தது.

நரம்புக் கருவிகளை ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் விலக்கியுள்ளனர். அந்தலுஸ் நாட்டு இப்னு ஹஸ்ம் போன்றோர் அனுமதித்துள்ளனர். உங்கள் இல்லத்துக்குரிய முடிவை நீங்கள் மதிக்கும் ஆலிமிடம் கேட்டறியுங்கள். வாங்குவதென முடிவு செய்தோர்க்கே இக்கட்டுரை.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தி, 'ஊத்' என்னும் நரம்புக் கருவிக்கு இலக்கணம் வகுத்தபோது விரலையே அளவுகோலாகக் கொண்டார். நீளம் 36 விரல். அகலம் 15 விரல். ஆழம் ஏழரை விரல். நமது 'அங்குலம்' என்ற சொல்லும் விரலைக் குறித்து வந்ததே. கைக்கேற்பக் கருவி அமைய வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

கடைகளில் மிகுதியாகக் காணப்படுவது 'டிரெட்நாட்' வகை. 1906-இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய இதனை, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் உருவாக்கியது. அகன்ற உடலும் உரத்த ஒலியும் கூட்டத்தில் பாடுவோர்க்குத் துணை. ஆனால் விரலின் விசை தகட்டின் விசையினும் குறைவு. சிறிய உடலின் மேற்பலகை மெல்லிய தொடுதலுக்கும் எளிதில் அதிரும். தடித்த கம்பியின் முழக்கம் மெல்லிய கம்பியின் ஒலியை மூழ்கடிக்காது. 1929-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஓ.எம்.' அத்தகையது. இரண்டுக்கும் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவும், ஆழத்தில் சுமார் முக்கால் அங்குலமும் வேறுபாடு. கண்ணுக்கு அற்பம், தோளுக்கு அற்பமன்று.

ஆகவே, பிள்ளையைக் கடைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். அமரச் செய்து, கிட்டாரைத் தொடைமீது வைக்கச் சொல்லுங்கள். வலத்தோள் உயராமல் முன்கை உடலின் விளிம்பில் படிய வேண்டும். இடக்கை சிரமமின்றி முதல் கட்டையை எட்ட வேண்டும். பெருவிரல் மீட்டும் கம்பியும் மற்ற விரல்கள் மீட்டும் கம்பிகளும் சமமாகக் கேட்க வேண்டும். சிறுவர்க்கு முக்கால் அளவுக் கருவிகளும் உண்டு.

அந்தத் தந்தை பின்னர் சிறியதொன்றை வாங்கித் தந்தார். மகன் நாள்தோறும் பயில்கிறான். பாங்கொலி கேட்டதும் கீழே வைக்கவும் கற்றுள்ளான்.

பெற்றோரே! பிள்ளையைச் சோம்பேறி என்னுமுன், அவன் மடியில் நாம் வைத்த சுமையை ஒருமுறை அளந்து பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலம் அருள்வானாக!