தொலைமருத்துவம்: ஆலோசனைக்குப் பின் மருந்து கிடைக்கிறதா?

புதுதில்லி: கொரோனா ஊரடங்கின்போது வேகமாக விரிவுபடுத்தப்பட்ட தொலைமருத்துவம், இன்று அரசு சுகாதார நிலையங்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகியுள்ளது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தளத்தில் மருத்துவ ஆலோசனை பெற்றோரின் எண்ணிக்கை 2023 பிப்ரவரியில் 10 கோடியைக் கடந்தது. இவர்களுள் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

இத்தளம் இரு வகைகளில் இயங்குகிறது. வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழியாக மருத்துவரை அணுகும் வசதி 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில் அறிமுகமானது மற்றொரு வகை. அதில் நோயாளி தமது ஊரின் துணை சுகாதார நிலையத்துக்குச் செல்கிறார். அங்குள்ள சமுதாய சுகாதார அலுவலர் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்துப் பதிவு செய்து, காணொலி வழியாக மருத்துவருடன் இணைக்கிறார். பெரும்பான்மையான ஆலோசனைகள் இவ்வகையிலேயே நடைபெறுகின்றன. பெயரில்தான் தொலைவு இருக்கிறது. நோயாளியின் அருகே ஒரு சுகாதாரப் பணியாளர் இருப்பதே இச்சேவையின் பலம்.

சட்ட ரீதியான தெளிவை 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் அளித்தன. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைக்க இயலாது. நேரில் பரிசோதிப்பது அவசியம் எனக் கருதினால், மருத்துவர் எந்தக் கட்டத்திலும் நோயாளியை வரச் சொல்லலாம்.

சிக்கல் தொடங்குவது அழைப்பு முடிந்த பிறகுதான். பரிந்துரைக்கப்பட்ட ரத்த அழுத்த மாத்திரை அதே துணை நிலையத்தில் இருப்பு இல்லையென்றால், மருந்துக்காக நோயாளி நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். மிச்சப்படுத்திய பயணம் திரும்பி வந்துவிடும். மறுமுனையில் அமரும் மருத்துவருக்கும், நேரில் காத்திருக்கும் புறநோயாளிகளின் வரிசை இருக்கக்கூடும். அவரது பணி அட்டவணையில் காணொலி ஆலோசனைக்கெனத் தனி நேரம் ஒதுக்கப்படாத இடங்களில், கிராமத்து நோயாளி இணைப்புக்காகக் காத்திருக்கவே நேரும்.

நாள்பட்ட நோய்களுக்குத் தொடர் கண்காணிப்பும் தேவை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்துடன் இ-சஞ்சீவனி 2022-இல் இணைக்கப்பட்டதால், ஆபா எண் வைத்திருப்போரின் மருந்துச் சீட்டுகளை, அவர்களது ஒப்புதலுடன் அடுத்த மருத்துவரும் பார்க்க முடியும். ஆனால், ஒருவர் மூன்று மாதங்களில் மூன்று முறை ஆலோசனை பெற்றால் அது மூன்று ஆலோசனைகளாகவே கணக்கில் சேரும். அவரது ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.