நாய்களில் முழங்கை மூட்டு நோயைப் படிமங்கள் மூலம் கண்டறிதல்

முழங்கை மூட்டுப் பிறழ்வளர்ச்சி என்பது நாய்க்குட்டி வளரும் காலத்தில் முன்னங்காலின் முழங்கை மூட்டில் உள்ள எலும்புகளும் குருத்தெலும்பும் முறையாக உருவாகாததால் ஏற்படும் நோயாகும். இது எல்போ டிஸ்பிளேசியா என்றும் அழைக்கப்படுகிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் போன்ற விரைவாக வளரும் பெரிய இனங்களில் முன்னங்கால் நொண்டலுக்கு இது ஒரு முதன்மையான காரணமாகும். எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவை இந்நோயைக் கண்டறியப் பெரிதும் பயன்படுகின்றன. தொடக்க நிலையில் எடுக்கப்படும் எக்ஸ்-ரே படம் இயல்பாகத் தோன்றினாலும் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. இதுவே இந்நோயறிதலில் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தியாகும்.

மூட்டின் அமைப்பு

நாயின் முன்னங்காலில் மார்பை ஒட்டி, பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியே முழங்கை ஆகும். அதற்குக் கீழே, பலரும் முட்டி என்று கருதும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு ஆகும். முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலே மேற்கை எலும்பும், கீழே ஆரை, அரந்தி ஆகிய இரு எலும்புகளும் உள்ளன. நாய் நிற்கும்போது அதன் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. எனவே இம்மூன்று எலும்புகளின் பொருத்தத்தில் சிறிய பிசகு ஏற்பட்டாலும் குருத்தெலும்பு தேயத் தொடங்குகிறது.

நோயின் வகைகள்

இந்நோய் நான்கு வடிவங்களில் காணப்படுகிறது. ஒரே மூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்தும் இருக்கலாம்.

1. உட்புறக் கொரோனாய்டு நோய்: அரந்தி எலும்பின் உட்புறத்தில் உள்ள கொரோனாய்டு முனையில் விரிசல் ஏற்படுதல் அல்லது துண்டு பிரிதல். இதுவே மிகுதியாகக் காணப்படும் வடிவம்.
2. அன்கோனியல் முனை இணையாமை: அரந்தி எலும்பின் மேற்பகுதியில் தனியாக எலும்பாகும் அன்கோனியல் முனை, தாய் எலும்புடன் ஒட்டாமல் நின்றுவிடுதல். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.
3. குருத்தெலும்புப் பிரிவு நோய்: மேற்கை எலும்பின் உட்புற முண்டிலிருந்து குருத்தெலும்பு மடல்போல் பிரிதல்.
4. மூட்டுப் பொருத்தமின்மை: ஆரையும் அரந்தியும் ஒரே சீராக வளராததால் மூட்டுப் பரப்பில் படிபோன்ற ஏற்றத்தாழ்வு உண்டாதல்.

படம் எடுக்க வேண்டிய நிலை

அறிகுறிகள் பெரும்பாலும் 4 முதல் 10 மாத வயதுக்குள் தொடங்குகின்றன. படுத்து எழுந்தவுடன் கால் விறைத்திருத்தல், ஓடி விளையாடிய பின் நொண்டுதல், பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. நோய் பல வேளைகளில் இரு கால்களிலும் இருக்கும். அப்போது நொண்டல் வெளிப்படையாகத் தெரியாது. குட்டி சிறு அடிகள் வைத்து நடக்கும், விளையாட்டில் நாட்டம் குறைந்திருக்கும்.

இந்நிலையைக் கால்சியம் குறைபாடு என்று கருதி, கால்சியம் டானிக் மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பது தவறாகும். தேவைக்கு மேல் குடலுக்குச் செல்லும் கால்சியத்தை உடலுக்குள் ஏற்காமல் தடுக்கும் திறன் இளங்குட்டிகளுக்குப் போதிய அளவு இல்லை. பெரிய இனக் குட்டிகளில் மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியைப் பாதித்து மூட்டு நோயைக் கூட்டக்கூடும். மனிதர்களுக்கான ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாய்களுக்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் என்பதால் அவற்றைத் தரக்கூடாது.

தோள்பட்டை மூட்டு நோய், எலும்பு முறிவு, உண்ணிக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் மூட்டு அழற்சி போன்றவையும் நொண்டலை ஏற்படுத்தும். ஆகவே மருத்துவர் மூட்டை மடக்கியும் நீட்டியும் தொட்டுப் பார்த்து வலியுள்ள இடத்தை உறுதி செய்த பின்னரே படம் எடுக்கப்படுகிறது.

எக்ஸ்-ரே

எக்ஸ்-ரே எளிதில் கிடைப்பது, செலவு குறைந்தது. எனவே பெரும்பாலும் முதலில் எடுக்கப்படும் படம் இதுவே. நொண்டும் கால் எதுவாயினும் இரு முழங்கைகளையும் தனித்தனியே எடுக்க வேண்டும். நாய் அசைந்தாலோ கால் திரும்பியிருந்தாலோ படம் பயனற்றதாகிவிடும். எனவே பொதுவாக மயக்க ஊசி போடப்படுகிறது. நாயைப் பிடித்துக்கொள்பவர் இருந்தால் ஈயக் கவசம் அணிய வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் அப்பணியில் ஈடுபடக்கூடாது.

மூட்டை மடக்கிய பக்கவாட்டுப் படம், இயல்பாக நீட்டிய பக்கவாட்டுப் படம், முன்புறத்திலிருந்து சற்றுச் சாய்வாக எடுக்கும் படம் ஆகியவை பயன்படுகின்றன. மூட்டை நன்கு மடக்கும்போது மேற்கை எலும்பின் நிழல் விலகி அன்கோனியல் முனை தெளிவாகத் தெரியும். இம்முனை பொதுவாக 20 வாரங்களுக்குள் ஒட்டிவிடும். அதன் பின்னரும் இடையே கருங்கோடு தெரிந்தால் அது இணையவில்லை என்று பொருள். 4 மாதத்திற்கு முன் தெரியும் கோடு இயல்பான வளர்ச்சியின் பகுதியாகவும் இருக்கலாம். ஆகவே படத்தைப் படிப்பவருக்கு நாயின் சரியான வயது தெரிந்திருக்க வேண்டும்.

கொரோனாய்டு முனையின் நிலை வேறு. பக்கவாட்டுப் படத்தில் அதன் மீது ஆரை எலும்பின் நிழல் விழுவதால் பிரிந்த துண்டு நேரடியாகத் தெரிவது அரிது. மருத்துவர் மறைமுக அடையாளங்களையே தேடுகிறார். முனையின் விளிம்பு மங்கியிருத்தல், அரந்தி எலும்பின் பிறைவடிவக் குழிவுக்குக் கீழே எலும்பு இறுகி வெண்மையாதல், அன்கோனியல் முனையின் மேற்புறத்தில் புதிய எலும்பு முளைத்தல் ஆகியவை அவை. இம்மாற்றங்கள் தோன்றக் காலம் எடுக்கும். இதனாலேயே 5 அல்லது 6 மாதக் குட்டியின் படம், நோய் இருந்தும், இயல்பாகத் தோன்றக்கூடும்.

தர மதிப்பீடு

1989 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு முழங்கைப் பணிக்குழு, எக்ஸ்-ரே படங்களுக்கு நான்கு தரங்களை வகுத்துள்ளது. அவற்றின் அடிப்படை, புதிதாக முளைத்த எலும்பின் உயரமாகும்.

தரம் 0: இயல்பான மூட்டு.
தரம் 1: 2 மில்லிமீட்டருக்குக் குறைவு.
தரம் 2: 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை.
தரம் 3: 5 மில்லிமீட்டருக்கு மேல்.

கொரோனாய்டுத் துண்டு, இணையாத அன்கோனியல் முனை போன்ற மூலக் குறைபாடுகள் படத்தில் தெரிந்தாலும் தரம் உயர்த்தப்படும். இனப்பெருக்கத் தேர்வுக்கான இம்மதிப்பீட்டிற்கு நாய்க்குக் குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் விலங்குகளுக்கான எலும்பியல் அறக்கட்டளை 24 மாத வயதில் இறுதிச் சான்று அளிக்கிறது. நொண்டும் குட்டிக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. அதற்கு உடனே படம் எடுக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் மற்றும் பிற முறைகள்

சி.டி. ஸ்கேன் மூட்டை 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிப்புள்ள அடுக்குகளாகப் படமெடுக்கிறது. ஓர் எலும்பின் நிழல் மற்றொன்றின் மீது விழும் சிக்கல் இதில் இல்லை. கொரோனாய்டு விரிசல், சிறு துண்டுகள், ஆரைக்கும் அரந்திக்கும் இடையிலான படி ஆகியவற்றை இது எக்ஸ்-ரேயைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும் குருத்தெலும்பின் மேற்பரப்புத் தேய்மானத்தைச் சாதாரண சி.டி. காட்டுவதில்லை. அதனை மூட்டுக்குள் சிறு கேமராவைச் செலுத்தும் ஆர்த்ராஸ்கோப்பி மூலம் நேரில் காணலாம், அப்போதே துண்டை அகற்றவும் முடியும்.

எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையும் எலும்பு மச்சையின் மாற்றங்களையும் காட்டவல்லது. ஆனால் செலவும் மயக்க நேரமும் கூடுதல். அல்ட்ராசவுண்ட் மூட்டு நீரையும் தசைநாண்களையும் காண உதவும், எலும்பின் உட்பகுதியைக் காட்டாது.

தமிழ்நாட்டில்

1903 இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தினருக்கு, அண்டை மாவட்டமான தஞ்சாவூரில் ஒரத்தநாட்டில் 2012 இல் தொடங்கப்பட்ட இதே பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் உள்ளது. உள்ளூர்க் கால்நடை மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன், தேவைப்படும் ஸ்கேன் வசதி உள்ளதா என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். முன்னர் எடுத்த எக்ஸ்-ரேயைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால் நுண்ணிய மாற்றங்கள் தெரியாது. மூலக் கோப்பையோ படச்சுருளையோ கொண்டுசெல்ல வேண்டும். அதில் இடது, வலது குறியீடும் தேதியும் இருத்தல் அவசியம்.

முன்கூட்டியே கண்டறிவதன் பயன்

தேய்ந்த மூட்டை எந்தச் சிகிச்சையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. எலும்பு வளர்ச்சி முடியும் முன் கண்டறிந்தால், இணையாத அன்கோனியல் முனையை அறுவை சிகிச்சை மூலம் ஒட்டவைக்கும் வாய்ப்பு உண்டு. மற்ற வடிவங்களில் எடைக் கட்டுப்பாடு, அளவான நடை, மருத்துவர் தரும் வலி நீக்கி ஆகியவற்றால் தேய்மானத்தின் வேகத்தைக் குறைத்து நாயை வலியின்றி வைத்திருக்கலாம். நொண்டல் தொடரும் குட்டிக்கு முதல் எக்ஸ்-ரே இயல்பாக இருந்தால், சி.டி. ஸ்கேன் எடுப்பதோ 4 முதல் 8 வாரங்களில் மீண்டும் எக்ஸ்-ரே எடுப்பதோ முறையாகும்.

இந்நோய் பல மரபணுக்களின் வழியே பெற்றோரிடமிருந்து வருவது. நொண்டாத நாயும் இதனைக் குட்டிகளுக்குக் கடத்தலாம். எனவே குட்டி வாங்குவோர் தாய், தந்தை இரண்டின் முழங்கை எக்ஸ்-ரே அறிக்கையையும் கேட்பது நல்லது.