யாருக்குப் பாதகம்?

நுழையும்முன்

ஒரு சொல்லுக்கு அகராதி பல பொருள்களைத் தரும். அவற்றுள் இடத்திற்கு உரியதைத் தேர்ந்துகொள்வது மொழிபெயர்ப்பாளரின் கடமை. ‘அன்ஃபேவரபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரடையைச் சான்றாகக் கொண்டு இதனை அறிவோம்.

சொல்லமைப்பு

‘ஃபேவர்’ என்பதற்கு ஆதரவு, நல்லெண்ணம் என்பன பொருள். இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தை அடைந்த சொல் இது. இதனடியாகப் பிறந்த ‘ஃபேவரபிள்’ என்னும் பெயரடையின் முன் ‘அன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து ‘அன்ஃபேவரபிள்’ ஆயிற்று. சொல்லின் வடிவத்தை நோக்கினால் ‘சாதகமற்ற’ என்பதே நேரானது. வழக்கிலோ ‘பாதகமான’ என்னும் அளவிற்கும் பொருள் விரியும். நன்மை இல்லாமை வேறு. தீமை உளதாதல் வேறு.

இருவகைப் பொருள்

இச்சொல் ஒருவரது உடன்பாடின்மையையும் குறிக்கும். ஒரு சூழலால் விளையும் இடையூற்றையும் குறிக்கும். கருத்து, திறனாய்வு, அறிக்கை ஆகியவற்றைச் சார்ந்து வரும்போது முதற்பொருளும், வானிலை, மண், விலை ஆகியவற்றைச் சார்ந்து வரும்போது இரண்டாவது பொருளும் பெரும்பாலும் பொருந்தும்.

நூலொன்றைக் குறைகூறும் திறனாய்வை ‘மோசமான திறனாய்வு’ எனப் பெயர்த்தால், திறனாய்வே தரமற்றது என்று பொருள்படும். நூலின் குறை திறனாய்வாளர்மீது ஏறிவிடுகிறது. ‘நூலைக் குறைகூறும் திறனாய்வு’ என்றால் ஐயம் எழாது. நோயின் போக்கைப் பற்றிய மருத்துவரின் முன்கணிப்போடு இச்சொல் வந்தால், குணமாகும் வாய்ப்புக் குறைவு என்பது பொருள். அதனை ‘மருத்துவரின் கருத்து எதிரானது’ என்று எழுதினால், மருத்துவர் சிகிச்சைக்கே உடன்படவில்லை என்று நோயாளியின் குடும்பத்தார் எண்ணக்கூடும். ஒரு சொல்லின் பிழை உயிர்காக்கும் முடிவையும் திசைமாற்றிவிடும்.

வேற்றுமை உருபின் துணை

இப்பெயரடையை அடுத்து ‘டு’, ‘ஃபார்’ என்னும் சொற்கள் வந்து, இடையூறு எதற்கு என்பதைக் காட்டும். தமிழில் அப்பணியைச் செய்வது ‘கு’ உருபு. நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் பகையும் ஒன்று என நன்னூல் கூறுவது இங்கு நினையத்தக்கது.

வடகிழக்குப் பருவமழை தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பாதகமானது; அதே மழை சம்பா நெல்லுக்கு உயிர்நீர். ஆகவே, ‘பாதகமான மழை’ என்று வாளா கூறுவது நிறைவுடைய தொடராகாது. ஆங்கிலத் தொடர் வெளிப்படையாகக் கூறாவிடினும், யாருக்கு, எதற்கு என்பதை முன்பின் தொடர்களால் உணர்ந்து தமிழில் அமைத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கொடுஞ்செயலைக் குறிக்கும் ‘பாதகம்’ வேறு; இடையூற்றைக் குறிக்கும் ‘பாதகம்’ வேறு. வடமொழியில் இவை ஒலியால் வேறுபட்ட இரு சொற்கள். தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றன. ‘பஞ்சமாபாதகம்’ என்பதில் வருவது முன்னையது. ‘பாதகமில்லை’ என்பதில் வருவது பின்னையது.

முடிவுரை

பெயரடை தனித்து நின்று பொருள் தருவதில்லை. தான் தழுவும் பெயரோடு சேர்ந்தே பொருள் தருகிறது. சொல்லுக்குச் சொல் தேடுவதைவிட, யார் கருதுகிறார், யாருக்குத் தீங்கு என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதே நல்ல மொழிபெயர்ப்பிற்கு வழி.

கற்பவை கற்றபின்

1. ‘சாதகமற்ற’, ‘பாதகமான’ ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைத் தொடர்களில் அமைத்துக் காட்டுக.
2. ஒருவருக்குச் சாதகமாகவும் மற்றொருவருக்குப் பாதகமாகவும் அமையும் சூழல் ஒன்றினை, ‘கு’ உருபு அமைய ஒரு பத்தியில் எழுதுக.